பாஸ்பேட் ஒட்டினால் புரதம் ஓடும், கழன்றால் நிற்கும் என்பது சரிதானா?

கேள்வியின் சாரம் இது: ஒரு நொதி இன்னொரு புரதத்தின் வேலையை எப்படிக் கூட்டுகிறது, குறைக்கிறது? கைனேஸ் பாஸ்பேட்டை ஒட்டினால் புரதம் செயல்படும், பாஸ்படேஸ் கழற்றினால் நின்றுவிடும் என்று பாடத்தில் படித்தது போதுமா?

போதாது. பல புரதங்களில் நேர்மாறாக நடக்கிறது. பாஸ்பேட் ஏறியதும் வேலை நின்றுவிடுகிறது. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அந்த வாக்கியம் கைனேஸை முன்னால் நிறுத்தி, பாஸ்படேஸைப் பின்னிணைப்பாக்கிவிடுகிறது. செல்லுக்குள் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரு புரதத்தின் மூலக்கூறுகளில் எத்தனை பங்கு இப்போது பாஸ்பேட்டோடு இருக்கிறது என்பதை அவ்விரண்டின் வேக விகிதம்தான் தீர்மானிக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

முதலில் வேதியியல். கைனேஸ், செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறின் கடைசிப் பாஸ்பேட்டை எடுத்து, புரதத்தில் உள்ள செரின், திரியோனின் அல்லது டைரோசினின் ஹைட்ராக்சில் தொகுதியில் ஒட்டுகிறது. இதற்கு மக்னீசியம் அயனி கட்டாயம் வேண்டும். புரதத்தின் எடை ஒரு பாஸ்பேட்டுக்கு 80 டால்டன் கூடுகிறது. 50,000 டால்டன் எடையுள்ள புரதத்தில் அது கணக்கிலேயே வராது. மின்சுமைதான் முக்கியம். செல்லின் பிஎச் அளவில் அந்தப் பாஸ்பேட் ஏறக்குறைய இரண்டு எதிர்மின்சுமைகளைத் தாங்கி நிற்கிறது. புரதங்களைக் கட்டும் 20 வழக்கமான அமினோ அமிலங்களில் எதன் பக்கத்தொடரிலும் இரட்டை எதிர்மின்சுமை கிடையாது. அருகில் ஆர்ஜினின் இருந்தால் அதை இந்தப் பாஸ்பேட் இறுக்கமாக இழுத்துப் பிடிக்கும். அதனால் புரதத்தின் வடிவம் மாறும். வடிவம் மாறாவிட்டாலும், பாஸ்பேட் உள்ள இடத்தைத் தேடி வந்து ஒட்டும் வேறு புரதங்கள் இருக்கின்றன. சில இடங்களில் அது வெறும் தடையாக நின்று வழியை அடைக்கும்.

ஒட்டிய பாஸ்பேட் செல்லின் காலக்கணக்கில் தானாக விழாது. கைனேஸும் அதை நடைமுறையில் திரும்ப எடுக்காது. ஏடிபியிலிருந்து வருவதால் வினை ஒரு பக்கமாகவே சாய்ந்திருக்கிறது. எனவே கழற்றுவதற்குத் தனி நொதி தேவைப்படுகிறது. பாஸ்படேஸ் நீரைக் கொண்டு அந்தப் பிணைப்பை உடைத்து, பாஸ்பேட்டைத் தனியே வெளிவிடுகிறது. ஒரு முறை ஒட்டிக் கழற்றினால் ஒரு ஏடிபி செலவு. இதை வீண்செலவு என்று சிலர் எழுதுகிறார்கள். வேகம் வேண்டுமென்றால் இந்த விலையைக் கொடுத்தே ஆகவேண்டும் என்பதை ஒரு சிறு கணக்கு காட்டிவிடும்.

கைனேஸ் நிமிடத்துக்கு 1 என்ற வேக மாறிலியிலும் பாஸ்படேஸும் அதே 1 என்ற மாறிலியிலும் இயங்கினால், புரதத்தில் பாதி பாஸ்பேட்டோடு இருக்கும். இரண்டு மாறிலிகளும் 0.01 ஆக இருந்தாலும் அதே பாதிதான். நிலையான அளவை மட்டும் பார்த்தால் இரண்டு செல்களுக்கும் வித்தியாசமே தெரியாது. இப்போது கைனேஸை நிறுத்துங்கள். முதல் செல்லில் பாஸ்பேட்டோடு உள்ள புரதம் சுமார் 42 நொடியில் பாதியாகும். இரண்டாவதில் அதற்கு 69 நிமிடம் ஆகும். சமிக்ஞை நின்றபின் எவ்வளவு நேரம் அதன் விளைவு தங்கும் என்பதைப் பாஸ்படேஸ் முடிவு செய்கிறது.

இதை நெருங்கிப் பார்க்க மிகச் சிறந்த உதாரணம் இன்றும் கிளைக்கோஜன் பாஸ்பாரிலேஸ்தான். சேமித்துவைத்த சர்க்கரைச் சங்கிலியான கிளைக்கோஜனை உடைக்கும் நொதி அது. 1950-களின் நடுவில் எட்மண்ட் பிஷரும் எட்வின் கிரெப்ஸும் இந்த நொதியில்தான், பாஸ்பேட் ஒட்டுவதால் ஒரு நொதி இயங்கும் நிலைக்கு மாறுவதைக் கண்டார்கள். 1992-இல் நோபல் பரிசு பெற்றார்கள். தசையில் இந்நொதி இரட்டையாக இருக்கிறது. ஒவ்வொரு சங்கிலியிலும் 842 அமினோ அமிலங்கள். 'பி' வடிவம் பாஸ்பேட் இல்லாதது. அது, ஏடிபி தீரும்போது சேரும் ஏஎம்பி கூடினால் மட்டும் வேலை செய்யும். ஏடிபியும் குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டும் அதை அடக்கிவைக்கும். 'ஏ' வடிவம் பாஸ்பேட் ஏறியது. அது ஏஎம்பிக்காகக் காத்திருப்பதில்லை.

பாஸ்பேட் ஏறும் இடம் ஒன்றே ஒன்று: சங்கிலியின் தொடக்கத்திலிருந்து 14-ஆவதாக உள்ள செரின். ஏறுவதற்கு முன் அந்த முனை நேர்மின்சுமைகளோடு தளர்வாகக் கிடக்கிறது. ஏறியதும் பாஸ்பேட், தன் சங்கிலியின் 69-ஆவது ஆர்ஜினினையும் பக்கத்துச் சங்கிலியின் 43-ஆவது ஆர்ஜினினையும் சேர்த்துப் பிடிக்கிறது. இரண்டு சங்கிலிகளும் ஒன்றையொன்று சார்ந்து சற்றே சுழல்கின்றன. வினை நடக்கும் குழியான செயல்மையம் அங்கிருந்து 3 நானோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. அங்கே வாயிலை மறித்து நின்ற ஒரு வளையம், 283-ஆவது ஆஸ்பார்டிக் அமிலத்தோடு சேர்ந்து விலகுகிறது. காலியான இடத்துக்கு 569-ஆவது ஆர்ஜினின் வந்து, வினைக்கு வேண்டிய பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ள வசதி செய்கிறது. ஓர் ஓரத்தில் ஒட்டிய பாஸ்பேட் இன்னோர் ஓரத்தில் உள்ள செயல்மையத்தைத் திறப்பது இப்படித்தான். நொதியின் செயல்மையத்தில் பாஸ்பேட் ஒட்டுவதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே அப்படி இல்லை.

அந்தச் செரினில் பாஸ்பேட்டை ஒட்டுவது பாஸ்பாரிலேஸ் கைனேஸ். நான்கு வகைத் துணைப்புரதங்கள், ஒவ்வொன்றும் நான்கு, ஆக 16 சேர்ந்த 13 லட்சம் டால்டன் எடையுள்ள பெரும் தொகுப்பு அது. அந்த நான்கு வகைகளில் ஒன்று, கால்சியத்தைப் பிடிக்கும் கால்மோடுலின். நரம்பு தூண்டித் தசையில் கால்சியம் கூடியதும் கால்மோடுலின் வழியாகக் கைனேஸ் பாதி விழித்துக்கொள்கிறது. அட்ரினலின் வந்தால், செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி கூடி, புரத கைனேஸ் ஏ என்ற இன்னொரு கைனேஸ் அவிழ்கிறது. அதன் இரண்டு கட்டுப்பாட்டுத் துணைப்புரதங்களில் நான்கு சைக்ளிக் ஏஎம்பி அமர்ந்ததும் இரண்டு வினைத் துணைப்புரதங்கள் விடுபட்டு, பாஸ்பாரிலேஸ் கைனேஸுக்குப் பாஸ்பேட் போடுகின்றன. இரண்டு சமிக்ஞையும் சேரும்போதுதான் அது முழு வேகத்தில் ஓடும். தசை சுருங்கத் தொடங்கியதும், ஹார்மோனுக்குக் காத்திராமல் எரிபொருள் கிடைப்பதற்கு இந்தக் கால்சிய வழி காரணம்.

இதே புரத கைனேஸ் ஏ இன்னும் இரண்டு வேலைகளைச் செய்கிறது. கிளைக்கோஜனைக் கட்டும் நொதியான கிளைக்கோஜன் சிந்தேஸிலும் பாஸ்பேட் போடுகிறது, அது நின்றுவிடுகிறது. தடுப்பான்-1 என்ற சிறு புரதத்தின் 35-ஆவது திரியோனினிலும் போடுகிறது. அப்படிப் பாஸ்பேட் ஏறிய தடுப்பான்-1, புரத பாஸ்படேஸ்-1 என்ற நொதியை முடக்குகிறது. ஒரே ஹார்மோன், ஒரே கைனேஸ்: உடைக்கும் நொதி முடுக்கப்படுகிறது, கட்டும் நொதி நிறுத்தப்படுகிறது, பாஸ்பேட்டைக் கழற்ற வரும் நொதியும் கட்டிப்போடப்படுகிறது. மேலே சொன்ன விகிதத்தை இரு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் சாய்க்கும் உத்தி இது. பாடநூல்கள் முதல் இரண்டை வரைந்துவிட்டு மூன்றாவதை விட்டுவிடுகின்றன. என் பார்வையில் மூன்றாவதுதான் பாடம்.

கல்லீரலில் இந்தக் கதைக்கு இன்னொரு முனை உண்டு. அங்கே புரத பாஸ்படேஸ்-1, பாஸ்பாரிலேஸ் 'ஏ' வடிவத்தோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். ஆனால் செரின்-14 இல் உள்ள பாஸ்பேட் உள்ளே புதைந்திருப்பதால் அதைத் தொட முடியாது. ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறி, கல்லீரல் செல்லுக்குள் வந்து, பாஸ்பாரிலேஸின் செயல்மையத்தில் அமர்ந்ததும் வடிவம் மாறுகிறது, பாஸ்பேட் வெளியே தெரிகிறது, உடனே கழற்றப்படுகிறது. 'பி' ஆகிவிட்ட பாஸ்பாரிலேஸ் பாஸ்படேஸை விட்டுவிடுகிறது. விடுபட்ட பாஸ்படேஸ் அடுத்துப் போய் கிளைக்கோஜன் சிந்தேஸின் பாஸ்பேட்டைக் கழற்றி அதை ஓடவிடுகிறது. ஒரு பாஸ்படேஸுக்குச் சுமார் பத்து பாஸ்பாரிலேஸ் என்ற விகிதம் இருப்பதால், 'ஏ' வடிவம் பெரும்பாலும் தீர்ந்த பிறகே பாஸ்படேஸ் விடுபடுகிறது. எனவே உடைப்பது நின்ற பின்புதான் கட்டுவது தொடங்குகிறது.

பாஸ்படேஸுக்குத் தேர்வுத்திறன் கிடையாது, எதைக் கண்டாலும் கழற்றும் என்ற கருத்து இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. மனித மரபணுத் தொகுதியில் கைனேஸ் மரபணுக்கள் 500-க்கு மேல். செரின், திரியோனின் பாஸ்படேஸ்களின் வினைத் துணைப்புரதங்களோ சில பத்துகள்தான். அந்த எண்ணிக்கையை வைத்து வந்த தவறான முடிவு அது. புரத பாஸ்படேஸ்-1 தனியாக அலைவதில்லை. நூற்றுக்கணக்கான துணைப்புரதங்களில் ஏதோ ஒன்று அதைக் கையோடு பிடித்து, இந்தக் கிளைக்கோஜன் துகளில், அந்தத் தசை இழையில் என்று குறிப்பிட்ட இடத்தில் நிறுத்துகிறது. கைனேஸிலும் இடம் பாதி வேலையைச் செய்கிறது. புரத கைனேஸ் ஏ, இரண்டு ஆர்ஜினின், ஏதோ ஓர் அமினோ அமிலம், பிறகு செரின் என்ற வரிசையை விரும்பும் என்பது உண்மை. ஆனால் அந்த வரிசை இருக்கும் புரதங்களையெல்லாம் அது தொடும் என்று கணினியில் தேடி முடிவுகட்டினால் ஏமாறுவீர்கள். வரிசை புதைந்திருக்கலாம், அல்லது இரண்டும் செல்லின் வெவ்வேறு மூலைகளில் இருக்கலாம்.

ஒரே புரதத்தில் ஒரு பாஸ்பேட் முடுக்கியாகவும் இன்னொன்று தடையாகவும் இருப்பதற்கு சிடிகே-1 நல்ல சாட்சி. செல் பிரிவுக்குள் நுழையவைக்கும் இந்தக் கைனேஸுக்கு 161-ஆவது திரியோனினில் பாஸ்பேட் இருந்தாக வேண்டும். ஆனால் 15-ஆவது டைரோசினில் வீ-1 என்ற கைனேஸ் போட்ட பாஸ்பேட் இருக்கும்வரை அது அசையாது. சிடிசி-25 என்ற பாஸ்படேஸ் வந்து அதைக் கழற்றினால்தான் செல் பிரியும். இங்கே 'ஓடு' என்று சொல்வது பாஸ்படேஸ். சார்க் என்ற டைரோசின் கைனேஸும் இப்படித்தான்: 416-ஆவது டைரோசினில் ஏறினால் ஓடும், வால்முனையில் 527-ஆவது டைரோசினில் ஏறினால் தன்னையே மடித்துப் பூட்டிக்கொள்ளும். கோழிகளில் கட்டியை உண்டாக்கும் வைரஸ் சுமந்துவரும் சார்க்கில் அந்த வால்முனையே இல்லை. எனவே பூட்ட வழியில்லை.

அடுத்து, மெதுவாகக் கூடும் சமிக்ஞை எப்படிச் சட்டென்று நிலை மாற்றமாகிறது? கைனேஸ், பாஸ்படேஸ் இரண்டும் நிரம்பாத நிலையில் இருந்தால், பாஸ்பேட் ஏறிய பங்கு 10 சதவீதத்திலிருந்து 90-க்குப் போக அவற்றின் வேக விகிதம் 1/9-இலிருந்து 9-க்கு, அதாவது 81 மடங்கு மாறவேண்டும். இரண்டு நொதிகளும் புரதத்தால் முழுக்க நிரம்பியிருந்தால் நிலைமை வேறு. நொதி பாதி வேகத்தை எட்டும் செறிவான மைக்கேலிஸ் மாறிலி, புரதச் செறிவில் நூறில் ஒரு பங்காக இருக்கும்போது கணக்குப் போட்டால், விகிதம் வெறும் 1.2 மடங்கு மாறினாலே போதும். 1981-இல் கோல்ட்பெட்டரும் கோஷ்லாண்டும் காட்டியது இது. அழகான கணக்குதான், ஆனால் செல்லுக்குள் நொதியும் அதன் இலக்கும் பல நேரம் ஒரே அளவில் இருப்பதால், இவ்வளவு கூர்மை அப்படியே கிடைக்கும் என்று நம்பவேண்டாம். ஒரு புரதத்தில் பல இடங்களில் பாஸ்பேட் ஏறவேண்டும் என்ற நிபந்தனையும், விளைவு தன் காரணத்தையே தூண்டும் சுழற்சியும் கூர்மையைக் கூட்டும் வேறு வழிகள்.

கழற்ற முடியாத மாற்றங்களும் உண்டு. கணையம் சுரக்கும் டிரிப்சினோஜன், அதாவது செரிமான நொதியான டிரிப்சினின் உறங்கும் வடிவம், சிறுகுடலுக்கு வந்ததும் என்டெரோபெப்டிடேஸ் என்ற நொதி அதன் முனையில் ஒரு சிறு துண்டை வெட்டிவிடுகிறது. புதிதாக முனையான ஐசோலூசின்-16 உள்ளே திரும்பி, ஆஸ்பார்டிக் அமிலம்-194 உடன் மின்சுமைப் பிணைப்பு போடுகிறது. செயல்மையம் வடிவம் பெறுகிறது. அப்படி உருவான டிரிப்சின் மேலும் டிரிப்சினோஜனையும் கைமோடிரிப்சினோஜனையும் வெட்டும். வெட்டியதை ஒட்டவைக்க நொதி கிடையாது. எனவே காவல் வேறு வகையில் அமைந்திருக்கிறது: கணையத்திலேயே ஒரு தடுப்புப் புரதம் காத்திருக்கிறது, தவறி விழித்த டிரிப்சினை 122-ஆவது ஆர்ஜினினில் வெட்டிச் சிதைக்கவும் வழி இருக்கிறது. அந்த ஆர்ஜினின் ஹிஸ்டிடினாக மாறிய குடும்பங்களில் கணைய அழற்சி பரம்பரையாக வருவதை 1996-இல் கண்டார்கள். முடுக்கும் பக்கம் சரியாக இருந்தும், நிறுத்தும் பக்கம் போனதால் வந்த நோய்.

யுபிக்விட்டின் வழி இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 76 அமினோ அமிலங்கள் உள்ள இந்தச் சிறு புரதத்தை இ-1 நொதி ஏடிபி செலவழித்துத் தன் சிஸ்டீனில் ஏற்றிக்கொள்கிறது, இ-2 வாங்கிக்கொள்கிறது, இ-3 சரியான இலக்கின் லைசினில் சேர்க்கிறது. மனிதரில் இ-1 இரண்டுதான். இ-3 வகைகள் 600-க்கு மேல். தேர்வு நடப்பது அங்கே. யுபிக்விட்டினின் 48-ஆவது லைசின் வழியாக நான்கோ அதற்கு மேலோ கோத்தால், செல்லின் புரதச் சிதைப்புக்கூடமான புரோட்டியசோம் அந்தப் புரதத்தை இழுத்துச் சிதைக்கும். 63-ஆவது லைசின் வழியாகக் கோத்தால் பெரும்பாலும் சிதைவு இல்லை. வேறு புரதங்கள் கூடும் மேடையாகிறது. 'யுபிக்விட்டின் ஏறியது, எனவே புரதம் அழிந்தது' என்று எழுதுவதற்கு முன் எந்த லைசின் என்று பார்க்கவேண்டும். கழற்றும் நொதிகள் இங்கேயும் சுமார் நூறு உண்டு. இந்த வழியைக் கண்டதற்கு சீக்கனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவருக்கும் 2004-இல் வேதியியல் நோபல்.

ஒரு நொதியே அளவுகருவியாக வேலை செய்யும் உதாரணத்தை, ஆக்சிஜன் குறையும்போது மரபணுக்களை இயக்கும் ஹிஃப்-1 ஆல்ஃபா என்ற புரதத்தில் பார்க்கலாம். ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போது ஒரு ஹைட்ராக்சிலேஸ், இரும்பையும் 2-ஆக்சோகுளூட்டரேட்டையும் துணைக்கொண்டு, அதன் 402, 564-ஆவது புரோலின்களில் ஹைட்ராக்சில் போடுகிறது. அதை அடையாளம் கண்டு யுபிக்விட்டின் ஏறுகிறது. புரதம் சில நிமிடங்களில் மறைகிறது. ஆக்சிஜன் குறைந்தால் ஹைட்ராக்சிலேஸ் தளர்ந்து, புரதம் தங்கிவிடுகிறது. செல் அதைப் புதிதாகச் செய்யத் தொடங்கவேண்டியதில்லை, அழிப்பதை நிறுத்தினாலே போதும். கோபால்ட் உப்பு போட்டும், இரும்பைப் பிடித்துக்கொள்ளும் டெஸ்ஃபெரியாக்சமின் போட்டும் ஆய்வகத்தில் ஆக்சிஜன் குறைவைப் போலிசெய்ய முடிவது இதனால்தான்.

இப்போது ஆய்வக நடைமுறை. கைனேஸைத் தடுக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை ஏடிபியோடு அதே குழிக்குப் போட்டியிடுகின்றன. கைனேஸின் ஏடிபி மைக்கேலிஸ் மாறிலி 20 மைக்ரோமோலார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோதனைக்குழாயில் 20 மைக்ரோமோலார் ஏடிபியில் 10 நானோமோலாருக்குப் பாதி தடுத்த மருந்து, 2 மில்லிமோலார் ஏடிபி உள்ள செல்லுக்குள் அதே பாதிக்கு சுமார் 500 நானோமோலார் கேட்கும். செல்லுக்குள் மருந்து நுழையும் சிக்கல் இதில் சேரவே இல்லை. 'சோதனைக்குழாயில் அருமை, செல்லில் பூஜ்யம்' என்ற புலம்பலில் கணிசமான பங்கு இந்தக் கணக்குதான்.

செல்லை உடைத்ததும் பாஸ்படேஸ்கள் நிற்பதில்லை. கைனேஸ்களுக்கு மட்டும் ஏடிபி நீர்த்துப்போகிறது. எனவே தாமதித்தால் பாஸ்பேட் குறைந்தே தெரியும். உடைக்கும் கரைசலில் செரின், திரியோனின் பாஸ்படேஸ்களுக்கு சோடியம் ஃப்ளூரைடு 10 முதல் 50 மில்லிமோலார், பீட்டா-கிளிசரோபாஸ்பேட் 10 முதல் 25 மில்லிமோலார். டைரோசின் பாஸ்படேஸ்களுக்கு சோடியம் ஆர்த்தோவனடேட் 1 மில்லிமோலார். இந்த வனடேட்டில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். 200 மில்லிமோலார் கரைசலை பிஎச் 10-க்குக் கொண்டுவந்தால் மஞ்சளாகிறது. வனடேட் பலவாக ஒட்டிக்கொண்டதன் நிறம் அது. அந்த வடிவம் சரியாகத் தடுக்காது. நிறம் போகும்வரை கொதிக்கவையுங்கள், ஆறவிடுங்கள், பிஎச்சை மீண்டும் 10-க்குத் திருத்துங்கள். நிறமில்லாமல் நிலைக்கும்வரை திரும்பச் செய்து, சிறு பங்குகளாக உறையவையுங்கள். இடிடிஏவும் டைதையோதிரைட்டாலும் இதோடு சேரக்கூடாது: முன்னது வனடேட்டைப் பிடித்துக்கொள்ளும், பின்னது அதை ஒடுக்கிவிடும். புரதம் வெட்டும் நொதிகளுக்குப் போடும் பிஎம்எஸ்எஃப் நீரில் சிதையும். பிஎச் 8-இல் 25 டிகிரியில் அதன் பாதி ஆயுள் அரை மணி நேரம் சொச்சம். காலையில் கலந்துவைத்த கரைசலை மாலையில் எடுத்துப் பயனில்லை. யுபிக்விட்டின் பார்க்கவேண்டுமானால் என்-எத்தில்மேலிமைடு 5 முதல் 10 மில்லிமோலார் சேருங்கள். கழற்றும் நொதிகளில் பெரும்பாலானவை சிஸ்டீனால் இயங்குபவை. அதற்கும் டைதையோதிரைட்டால் ஆகாது.

புரதங்களை எடைவாரியாகப் பிரித்துச் சவ்வில் ஏற்றி எதிர்ப்பொருளால் தேடும் வெஸ்டர்ன் பிளாட்டில், பாஸ்பேட்டை அடையாளம் காணும் எதிர்ப்பொருளைப் பயன்படுத்தும்போது, சவ்வின் வெற்றிடங்களை மூடப் பால்பொடிக்குப் பதில் 5 சதவீதம் மாட்டு சீரம் ஆல்புமின் போடுவது வழக்கம். பாலில் உள்ள கேசீன் தானே பாஸ்பேட் நிறைந்த புரதம். பாஸ்பேட் பட்டையை அதே புரதத்தின் மொத்த அளவோடு ஒப்பிடாமல் முடிவு சொல்லக்கூடாது. பட்டை மங்கியதற்கு, பாஸ்பேட் கழன்றது என்றும் பொருள், புரதமே சிதைந்தது என்றும் பொருள். எதிர்ப்பொருள் நம்பகமானதா என்று பார்க்க, மாதிரியின் ஒரு பங்கை, செரின், திரியோனின், டைரோசின் மூன்றிலிருந்தும் பாஸ்பேட்டைக் கழற்றும் லாம்டா பாஸ்படேஸோடு 1 மில்லிமோலார் மாங்கனீசு சேர்த்து 30 டிகிரியில் அரை மணி வையுங்கள். பட்டை மறையவேண்டும். மறையாவிட்டால் எதிர்ப்பொருளைக் குறைசொல்வதற்கு முன், அந்தப் பங்கில் வனடேட்டோ ஃப்ளூரைடோ இடிடிஏவோ இருந்ததா என்று பாருங்கள். அவை லாம்டா பாஸ்படேஸையும் நிறுத்திவிடும்.

கடைசியாக, சடுதிமாற்றம் வைத்துச் செய்யும் சோதனை. செரினை அலனினாக மாற்றினால் 'பாஸ்பேட் ஏறாதது', ஆஸ்பார்டிக் அமிலமாக மாற்றினால் 'எப்போதும் ஏறியது' என்று எடுத்துக்கொள்வது வழக்கம். முதலாவது ஓரளவு நம்பத்தக்கது. இரண்டாவதில் ஆஸ்பார்டிக் அமிலத்துக்கு ஒரே ஒரு எதிர்மின்சுமைதான், வடிவமும் வேறு. மின்சுமை மட்டும் தேவைப்படும் இடங்களில் சில நேரம் வேலை செய்யும். பாஸ்பேட்டைப் பிடிக்கவென்றே அமைந்த புரதம் வந்து ஒட்டவேண்டிய இடங்களில், உதாரணமாக 14-3-3 புரதங்களிலும், டைரோசின் பாஸ்பேட்டைப் பிடிக்கும் எஸ்எச்-2 பகுதிகளிலும், பெரும்பாலும் ஏமாற்றும். அலனின் மாற்றமும் ஆஸ்பார்டிக் மாற்றமும் ஒரே மாதிரி வேலையைக் கெடுத்தால், பாஸ்பேட்டைப் பற்றி அந்தச் சோதனை எதுவும் சொல்லவில்லை. அந்தச் செரின் புரதத்தின் மடிப்புக்கே தேவைப்படுகிறதா என்றுதான் முதலில் பார்க்கவேண்டும்.